செந்தூல் அடுக்குமாடியில் வறண்ட நிலத்துக் குச்சிப்பூச்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

இது கோலாலம்பூரில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் எதுவும் இல்லை, அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் குச்சிப்பூச்சி (குச்சி மாதிரியே தோற்றமுள்ள, இலை தின்னும் பூச்சி) வளர்ப்பவர்கள், வளர்க்க நினைப்பவர்கள், பள்ளி அறிவியல் விழாவுக்கு ஏதாவது உயிரோடு கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கும் பெற்றோர், இவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஒன்பதாவது மாடி. அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே பலகாரம் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறார், மகள் இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம். மகளுக்குச் சின்ன வயதில் பினாங்கு போனபோது தெலுக் பஹாங் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையில் குச்சிப்பூச்சியைப் பார்த்ததிலிருந்து ஆசை. 1986-இலிருந்து நடக்கும் இடம் அது, இப்போது பெயர் என்டோபியா. அங்கே பார்த்துவிட்டு வந்து ஆசைப்படாத பிள்ளைகள் குறைவு.

ஜனவரியில் அந்தப் பெண் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 40 முட்டை வாங்கினாள். விலை சில வெள்ளிதான் (ரிங்கிட்). உள்ளூர் வகை, கேமரன் மலைப் பக்கம் பிடித்து வளர்த்தது, கொய்யா இலை போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். முட்டை பார்ப்பதற்கு ஏதோ செடியின் விதை மாதிரி, கறுத்த சாம்பல் நிறத்தில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் இருந்தது. அதனால்தான் சாதாரணக் கடித உறையில் வந்து சேர்ந்திருக்கிறது.

எப்படி வளர்ப்பது என்று அப்பா தன் வேலையிடத்து நண்பர் ஒருவரிடம் கேட்டார். அந்தச் சீன நண்பரின் தாத்தா வீட்டில் முன்பு பெரிய பச்சைக் குச்சிப்பூச்சி வளர்த்திருக்கிறார்கள். இது பலருக்குப் புதிதாக இருக்கலாம்: தீபகற்ப மலேசியாவின் மழைக்காட்டில் இருக்கும் ஹெட்டிரோப்டெரிக்ஸ் டிலாட்டாட்டா என்ற முள் நிறைந்த தடித்த பூச்சியைச் சில சீனக் குடும்பங்கள் கொய்யா இலை போட்டு வளர்த்து, அதன் புழுக்கையைக் காயவைத்து ஆஸ்துமாவுக்கும் வயிற்று உபாதைக்கும் மருந்தாகக் குடிப்பார்கள். அந்த நண்பர் நினைவிலிருந்து சொன்னது எல்லாம் அந்தப் பூச்சிக்குச் சரி. அது ஈரமண்ணுக்குள் முட்டையைக் குத்தி வைக்கும், முட்டை பல மாதம் ஈரத்திலேயே கிடக்கும், குஞ்சும் ஈரக்காற்றில்தான் நன்றாக வளரும். "ஈரம் குறையக் கூடாது, காலையிலும் ராத்திரியும் தண்ணி அடிக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். அப்படியே செய்தார்கள்.

அதாவது மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஊசியால் குத்திய சில ஓட்டை, அடியில் இரண்டு விரற்கடை தேங்காய் நார்த்தூள், நாளுக்கு இரண்டு வேளை ஸ்பிரே.

ஏப்ரலில் கண்டது

பள்ளி அறிவியல் விழாக்களுக்குப் பூச்சிக்கூண்டு செய்து கொடுப்பவன் என்பதால் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து 27 குஞ்சு பொரித்து, நான் போனபோது 14 மீதி இருந்தது.

டப்பாவைத் திறந்ததும் வந்த வாசனையே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. உள்சுவர் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பொரிக்காத முட்டைகளில் வெள்ளைப் பூஞ்சணம். புழுக்கை, சாதாரணமாகக் கையில் எடுத்தால் உலர்ந்து உருள வேண்டியது, நாருக்குள் கரைந்து அதிலும் பூஞ்சணம். இரண்டு குஞ்சு சுவரில் இருந்த நீர்த்துளியில் ஒட்டிச் செத்திருந்தன, ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் நீளமுள்ள உடம்புக்கு ஒரு துளியே ஆழக்குளம். இன்னொன்று தோல் உரிக்கும்போது பாதியில் நின்று, பின்னங்கால் இரண்டும் பழைய தோலுக்குள்ளேயே சிக்கியிருந்தது.

தோல் உரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பூச்சியை இழக்கிறார்கள். குச்சிப்பூச்சி தலைகீழாகத் தொங்கித்தான் தோல் உரிக்கும். பழைய தோல் மேலே பிடித்துக்கொண்டிருக்க, புது உடம்பு தன் எடையாலேயே கீழே வழுக்கி வெளியே வரும். அதற்குக் கீழே அதன் நீளத்தைப்போல இரண்டு மூன்று பங்கு வெற்றிடம் வேண்டும், பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பான மேற்பரப்பும் வேண்டும். வழுவழுப்பான பிளாஸ்டிக் மூடி, அதிலும் ஈரம் படிந்த மூடி என்றால் பிடி நழுவும். பாதியில் விழுந்தால் கால் வளைந்து இறுகிவிடும், அப்புறம் அது ஏறவும் முடியாது தின்னவும் முடியாது. கால் ஒடிந்து போனால்கூடப் பரவாயில்லை, சின்னப் பருவத்தில் இழந்த கால் அடுத்தடுத்த உரிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்து வரும்.

தோல் உரிப்பு சிக்குகிறது என்றால் காற்று வறண்டுவிட்டது, இன்னும் தண்ணீர் அடி என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். இவர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், ஒவ்வொரு சாவுக்கும் ஸ்பிரே ஒரு வேளை கூடியிருக்கிறது. "குறைச்சா காஞ்சு போயிடுமேன்னு பயம் அங்கிள்" என்றாள் அந்தப் பெண். நான் கொண்டுபோன சின்ன ஈரப்பத மீட்டரை உள்ளே வைத்ததும் முள் 90-ஐத் தாண்டி நின்றது. வெயிலும் சேர்ந்து அந்த டப்பா இட்லிச் சட்டியாகியிருந்தது.

இலையைப் பற்றியும் ஒன்று கவனித்தேன். கொய்யா இலையின் ஓரத்தை லேசாகக் கடித்துவிட்டு விட்டிருந்தன. பூசைக்கு வைத்திருந்த தொட்டி ரோஜாவிலிருந்து அம்மா எப்போதோ போட்ட ஒரு கொத்து மட்டும் நரம்பு வரை தின்னப்பட்டிருந்தது.

முதல் முடிவு, அதற்கான காரணம்

நான் உடனே எல்லாவற்றையும் மாற்றவில்லை. மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும், அந்தப் பெண்ணுக்கும் அது பள்ளிச் செய்முறையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். 14 குஞ்சையும் இரண்டாகப் பிரித்தோம். ஏழு, பழைய டப்பாவிலேயே, ஆனால் சுவரைத் துடைத்து, அடித்தூளை மாற்றி, ஸ்பிரே பழையபடி. மற்ற ஏழுக்கும் கொசுவலைத் துணியால் நான்கு பக்கமும் மூடிய உயரமான கூண்டு, அடியில் வெறும் பழைய செய்தித்தாள், ரோஜாக் கொத்து ஒரு சின்னப் போத்தல் தண்ணீரில், போத்தல் வாயைப் பஞ்சால் அடைத்து, இல்லாவிட்டால் குஞ்சு உள்ளே இறங்கி மூழ்கும். ராத்திரி ஒரே ஒரு தடவை இலைமேல் மட்டும் லேசாகத் தண்ணீர், காலைக்குள் முழுக்கக் காய்ந்துவிட வேண்டும். குஞ்சு அந்தத் துளியைக் குடிக்கும், மீதித் தண்ணீர் அதற்கு இலையிலிருந்தே கிடைக்கும்.

ரோஜா இலை விஷயத்தில் ஒரு நிபந்தனை போட்டேன். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் வாங்கும் ரோஜாவின் இலையைப் போடவே கூடாது. மலைத்தோட்டத்திலிருந்து வரும் பூவுக்கு மருந்து அடித்திருப்பார்கள், கழுவினாலும் போகாத மருந்துகளும் உண்டு. வீட்டுத் தொட்டியில், மருந்து அடிக்காமல் வளர்ந்த செடி மட்டும். ஒரு தொட்டி போதாது என்பதால் அம்மா கூடுதலாக மூன்று ரோஜாத் தொட்டி வாங்கி, வாங்கும்போது இருந்த இலையையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, புதுத் துளிர் வந்த பிறகே கொடுத்தார்.

மேமாத நடுவில் டப்பாவில் ஒன்றுதான் மிஞ்சியது. வலைக்கூண்டில் ஆறு, அதிலும் செத்த ஒன்று கதவு இடுக்கில் நசுங்கியது. டப்பாவில் மிஞ்சியதையும் வலைக்கு மாற்றிவிட்டோம், அதற்கு மேல் அந்தச் சோதனையைத் தொடர்வது கொடுமை.

வலைக்கூண்டு இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். முதலில் வரவேற்பறையில், பிறகு சமையலறைப் புகை வேண்டாம் என்று வாசலுக்கு வெளியே நடைபாதையில். ஒன்பதாவது மாடி நடைபாதை, மேலே கூரை, மழை உள்ளே அடிக்காது, எப்போதும் காற்று. கோலாலம்பூரில் வருடம் முழுக்க மழை, காற்றில் ஈரம் குறைவதே அபூர்வம், ஆனால் அந்த நடைபாதையில் மதிய நேரத்தில் மீட்டர் 65-ஐச் சுற்றியே நின்றது. பூச்சிகள் அங்கே போனதும் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது.

ஆகஸ்டில் தெரியவந்தது

எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது இதுதான்: நம் காட்டுப் பூச்சி எதுவும் இப்படி வறட்சியை விரும்பாது. கேமரன் மலையில் பிடித்தது என்றால் மூடுபனியில் வாழ்ந்த பூச்சி. அது மூடிய டப்பாவில் செத்து, காற்றடிக்கும் காய்ந்த நடைபாதையில் கொழுக்கிறது என்றால் சொன்ன ஊரே பொய். குஞ்சுப் பருவத்தில் வகை சொல்ல முடியாது, பெரிதாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் கடைசி உரிப்பு முடிந்தது. ஏழும் பெண். நீளம் ஏறக்குறைய 10 செ.மீ., சிலது பச்சை, சிலது காய்ந்த புல் நிறம். இறக்கை அறவே கிடையாது. உணர்கொம்பு தலையைவிடக் கொஞ்சம்தான் நீளம், நம் ஊர்க் குச்சிப்பூச்சிகள் பலவற்றுக்கு அது முன்னங்கால் அளவுக்கு நீண்டிருக்கும். முன்னங்காலை விரித்தால் அடித்தொடையின் உட்பக்கம் சிவப்பு. ரோஜா இலையில் ஆசை. எல்லாம் சேர்ந்து ஒரே இடத்துக்குத்தான் போனது: பேசில்லஸ் ரோசியஸ், மத்தியதரைக் கடலோரத்துக் குச்சிப்பூச்சி. எடுத்த படங்களை ஐரோப்பாவில் இதே வகையை வளர்க்கும் ஒரு நண்பருக்கு அனுப்பினேன், அவரும் அதையே சொன்னார்.

இது புதிதாகக் கண்டுபிடித்த அபூர்வம் ஒன்றுமில்லை, 1788-லேயே அறிவியலில் பெயர் வைத்தாகிவிட்டது. இத்தாலி, தென் பிரான்ஸ், கிரேக்கம், வட ஆப்பிரிக்கக் கரை என்று கோடையில் மழை குறைந்த புதர்க்காடுகளில், காட்டு முட்புதர், காட்டு ரோஜா, பிஸ்தா இனத்துப் புதர் ஆகியவற்றைத் தின்று வாழும். பகலில் குச்சியோடு குச்சியாக அசையாமல் இருந்துவிட்டு ராத்திரிதான் மேயும். முட்டையை மண்ணில் புதைக்காது, இருந்த இடத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே போடும். உலர்ந்த சருகில் விழுந்து கிடந்து, குளிர்காலத்தைத் தாண்டிப் பொரிக்கும். மூடிய ஈர டப்பாவில் அது ஏன் செத்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் எனக்கு அன்று கவலை தந்தது வேறு. இந்த வகையில் சில பகுதிகளில் ஆணும் பெண்ணும் உண்டு, சில பகுதிகளில் பெண் மட்டுமே. ஆண் இல்லாமலேயே பெண் முட்டையிடும், அந்த முட்டையிலிருந்து வருவதும் பெண். ஏழும் பெண் என்றால் இதுவும் அந்த வழியில் வந்த கூட்டமாகத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு முட்டை தப்பினாலே ஒரு குடும்பம் தொடங்கிவிடும். குச்சிப்பூச்சி சாதுவானது, அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். நம் தமிழ்நாட்டுப் பழனி மலையில், கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூரிலிருந்து போன காரௌசியஸ் மோரோசஸ் என்ற குச்சிப்பூச்சி உலகம் முழுக்க வகுப்பறைகளில் வளர்க்கப்படுகிறது, அதுவும் பெண்ணாகவே பெருகுவது. அது தப்பிப் போய் கலிபோர்னியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் குடியேறி, தோட்டச் செடிகளைத் தின்கிறது. நியூசிலாந்திலிருந்து செடிகளோடு போன குச்சிப்பூச்சிகள் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் பல தலைமுறையாக இருக்கின்றன. யாரும் திட்டம் போட்டுக் கொண்டுபோகவில்லை.

இரண்டாவது முடிவு

வளர்ப்பை நிறுத்த வேண்டும், விவசாய இலாகாவிடம் சொல்ல வேண்டும் என்றேன். தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டம் 1976, அதன் கீழ் வந்த 1981 விதிமுறைகள், இவற்றின்படி செடியைத் தாக்கக்கூடிய பூச்சியை, முட்டையாக இருந்தாலும், உரிய இறக்குமதி அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. இவர்கள் இறக்குமதி செய்யவில்லை, ஆனால் இறக்குமதியான ஒன்று இப்போது இவர்கள் வீட்டு வாசலில் முட்டை போட்டுக்கொண்டிருந்தது.

அப்பா தயங்கினார். "அண்ணே, நாமளே போய்ச் சொன்னா நமக்குத்தானே அபராதம்? பேசாம ஃபிரிட்ஜுல வச்சுக் கொன்னுட்டா முடிஞ்சு போச்சு" என்றார். அவர் பயம் நியாயமானது, லாரி ஓட்டிக் குடும்பம் நடத்துபவர், ஏற்கெனவே சாலை அபராதத்தில் அடிபட்டவர். நான் சொன்னது, கொல்வது எளிது, ஆனால் விற்றவன் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறான், அது இலாகாவுக்குத் தெரியாமலே போகும், இன்னொரு பக்கம் இப்போது மறைத்துவிட்டு நாளைக்கு வெளியே எங்காவது ஒன்று அகப்பட்டால் அப்போது பேச இடமிருக்காது. மகள்தான் முடிவைச் சொன்னாள். அவள் செய்முறைக் குறிப்பேட்டில் நாள்வாரியாக எல்லாமே இருந்தது, வாங்கிய ரசீதுப் படம்கூட. அதை எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள்.

ஒப்படைக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட உட்கார்ந்தோம். ஏழு பூச்சி. சேகரித்து வைத்த முட்டை ஒரு சின்ன டப்பா. பழைய டப்பாவில் பூஞ்சணம் பிடித்த முட்டை. எழுதிக்கொண்டே, கூண்டைக் கூட்டிய குப்பையை எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன்.

அம்மா, "தொட்டிக்குத்தான் போடுறேன், நல்ல உரமாச்சே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பக்கத்து வீட்டு மக்சிக்குக்கும் ஒரு பை குடுத்தேன், அவங்க ரோஜாவும் நல்லா வரட்டும்னு" என்றார். (மக்சிக் என்பது வயதில் மூத்த மலாய்ப் பெண்ணை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.)

புழுக்கையோடு சேர்ந்து முட்டையும் போயிருக்கிறது. அந்த முட்டை புழுக்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது, நிறமும் கிட்டத்தட்ட அதேதான், தெரியாதவர் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. பெண் பூச்சி முட்டையிட ஆரம்பித்துச் சில வாரம் ஆகியிருந்தது.

நடைபாதை

இந்தப் பகுதியைத்தான் மற்றவர்கள் நன்றாகப் படிக்க வேண்டும்.

கோலாலம்பூரின் ஈரமே இந்தப் பூச்சியைக் கொன்றுவிடும், வெளியே போனாலும் பிழைக்காது என்று ஒருவர் வாதிடலாம். டப்பாவில் நடந்ததைப் பார்த்தால் அந்த வாதம் சரியாகவும் தோன்றும். ஆனால் இந்தப் பூச்சிக்கு நகரம் முழுவதும் தேவையில்லை. கூரை உள்ள, மழை படாத, காற்று ஓயாத ஒரு நடைபாதையும், அதில் வரிசையாக மருந்தடிக்காத ரோஜாத் தொட்டிகளும் போதும், அதை நாமே ஒன்பது மாடிக்கும் கட்டி வைத்திருக்கிறோம். அது பிழைக்க என்னென்ன வேண்டும் என்று ஏப்ரலிலிருந்து தேடிக் கண்டுபிடித்ததெல்லாம் அந்த நடைபாதையில் ஏற்கெனவே இருந்தது.

அன்று மாலையே மக்சிக் வீட்டுக்குப் போனோம். அம்மாதான் மலாயில் விளக்கினார். அவர் கோபப்படவில்லை, "ஒரு பையா, நான் நாலு தொட்டிக்கும் பிரிச்சுப் போட்டேனே" என்று சிரித்தார். இரு வீட்டுத் தொட்டிகளையும் பெரிய கறுப்புப் பையால் தனித்தனியாக மூடிக் கட்டினோம். ரோஜாவை மட்டும் இல்லை, பக்கத்தில் இருந்த கருவேப்பிலைத் தொட்டியையும், ஏனென்றால் முட்டை செடி பார்த்து விழாது.

மறுநாள் இலாகாவில் பேசியபோது அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டே எழுதினார். அபராதம் போடவில்லை. குறிப்பேட்டைப் படம் எடுத்துக்கொண்டார், விற்பனையாளர் விவரத்தை வாங்கிக்கொண்டார், பூச்சியையும் முட்டையையும் மூடிய டப்பாவோடு பெற்றுக்கொண்டார். தொட்டி மண் விஷயத்தில், மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து அழிக்கச் சொன்னார், தொடர்ந்து கவனித்து ஏதாவது தென்பட்டால் உடனே சொல்லச் சொன்னார்.

மேல்மண் ஐந்து செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, கொதிக்கும் தண்ணீரில் கொட்டி, ஆறிய பிறகு கட்டி எறிந்தோம். உறைய வைப்பதும் ஒரு வழிதான், ஆனால் இது குளிர்காலம் தாண்டும் முட்டை, ஓரிரு நாள் வைத்தால் போதாது, ஒரு வாரமாவது ஃபிரீசரில் கிடக்க வேண்டும், பலகாரக்காரர் வீட்டு ஃபிரீசரில் அதற்கு இடமில்லை. கொதிநீருக்குத் தப்பும் முட்டை கிடையாது. செடிகளையும் இலை ஒட்ட வெட்டினோம்.

அதோடு முடியவில்லை. அக்டோபர் கடைசியில் மக்சிக் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்: ரோஜாத் துளிரில் நூல் மாதிரி ஒரு பச்சைக் குச்சி. டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்ததில் மூன்று அகப்பட்டன, ஒன்று அதற்கும் அடுத்த வீட்டுச் செடியில். சுரண்டிய மண்ணில் தப்பியதா, தொட்டிக்கு அடித்தட்டில் விழுந்து கிடந்த முட்டையா என்று தேடியபோது தட்டுகளின் இடுக்கில் பொரித்த முட்டை ஓடு கிடைத்தது. தட்டைக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை. இலாகாவுக்குச் சொன்னோம், மூன்றையும் ஒப்படைத்தோம், அந்த வரிசையில் இருந்த எல்லாத் தட்டையும் கொதிநீரில் போட்டோம்.

அதற்குப் பிறகு ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்ப்பது அந்த நடைபாதைப் பிள்ளைகளுக்கு ஒரு வேலையாகிவிட்டது. பகலில் பார்த்துப் பயனில்லை, கண் முன்னால் இருந்தாலும் தெரியாது. கடித்த இலை ஓரம், கீழே உலர்ந்த புழுக்கை, இரண்டையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். நவம்பரில் ஒன்று கிடைத்தது, அதற்கப்புறம் இதை எழுதும்வரை எதுவும் இல்லை. முட்டை தாமதமாகவும் பொரிக்கும் என்பதால் இன்னும் ஒரு வருடமாவது பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

விற்பனையாளரின் கணக்கு கொஞ்ச நாளில் காணாமல் போனது. வேறு பெயரில் திரும்பி வந்திருக்கலாம்.

அந்தப் பெண்ணின் செய்முறை பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியது. ஈரப்பதமும் இறப்பும் என்று ஒரு வரைபடம், அதற்குக் கீழே புழுக்கையும் முட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம். வரைபடத்தைவிட அந்தப் படம்தான் எனக்குப் பிடித்தது.

அடுத்த முறை மாற வேண்டியவை

வளர்ப்பு முறையைப் பொறுத்தவரை, "குச்சிப்பூச்சிக்கு ஈரம் வேண்டும்" என்ற பொதுவான அறிவுரையை விட்டுவிட வேண்டும். ஒரு பூச்சி எந்த ஊர்க் காட்டிலிருந்து வந்தது, முட்டையை மண்ணில் புதைக்குமா கீழே உதிர்க்குமா, இது இரண்டும் தெரிந்தால் கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். தெரியாத நிலையில் ஈரத்தைவிடக் காற்றோட்டத்தைக் கூட்டிப் பார்ப்பதுதான் நான் சொல்லும் வழி. வறட்சியால் வாடும் பூச்சியை ஒரு ஸ்பிரேயில் மீட்கலாம், பூஞ்சணம் பிடித்ததை மீட்க முடியாது.

கூண்டுக் குப்பை எந்த வகைப் பூச்சியாக இருந்தாலும், உள்ளூர் வகையாகவே இருந்தாலும், கொதிநீர் படாமல் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. தொட்டிக்குப் போடக் கூடாது, கழிப்பறையில் கொட்டக் கூடாது, உரம் என்று யாருக்கும் கொடுக்கக் கூடாது. இதைக் கூண்டு செய்து கொடுக்கும் நாளிலேயே, வீட்டில் கூட்டிப் பெருக்குபவரிடம் நேராகச் சொல்ல வேண்டும். பிள்ளையிடம் சொன்னால் போதாது, கூண்டைக் கூட்டுவது பெரும்பாலும் அம்மாதான்.

கூண்டு வைக்கும் இடமும் அப்படியே. பூச்சிக்குப் பிடித்த இடம் என்பதற்காகத் திறந்த நடைபாதையில், அது தின்னும் செடிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. வீட்டுக்குள் மின்விசிறி ஓடும் அறையிலும் அதே காற்று கிடைக்கும்.

இப்போது யாராவது கூண்டு கேட்டு அழைத்தால் நான் முதலில் கேட்பது வகையின் பெயரும் அது இந்த நாட்டுக்குள் எப்படி வந்தது என்பதும். "உள்ளூர்தான்னு சொன்னாங்க" என்ற பதிலை ஏற்பதில்லை. தெளிவாகத் தெரியவில்லை என்றால், கூண்டு பற்றிப் பேசும் முன் விவசாய இலாகாவின் எண்ணைக் கொடுத்துவிடுகிறேன்.